பாதிக் கோட்டில் நின்ற ஊர்

எழுதுவது என் வேலை அல்ல. பத்தாவதோடு நின்றவள் நான். முத்தியால்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மற்றவர்களுடைய மனுக்களைத் தட்டித் தருவதுதான் இருபத்து மூன்று வருடங்களாக என் எழுத்து. ‘உயர்திரு ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்காமல் நான் எழுதும் முதல் காகிதம் இது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. தனியாக உட்கார்த்திச் சொல்லும் அளவுக்கு எனக்கு யாரும் இல்லை. போன தை மாதம் என் சொந்த அண்ணனுக்கு நான் ஒரு காரியம் செய்தேன். அது சரியா தப்பா என்று கேட்பதற்காக எழுதவில்லை. செய்தது எங்காவது ஓரிடத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணன் பிரான்சில் இருக்கிறார். எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது; இங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்தால் மாப்பிள்ளையும் அங்கே போய்விடலாம். அண்ணனுக்கு அப்படி ஒரு சம்பந்தம் வந்த சமயத்தில் எனக்கும் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். கருவடிக்குப்பத்தில் ஒரு எலக்ட்ரீஷியன். அண்ணன்தான் வேண்டாம் என்றார்.

“நான் போயி ஆறே மாசத்துல உனக்கு அங்கேயே பாக்குறேன் பாப்பா. இங்க எதுக்குக் கெடந்து லோல்படணும்?”

அந்த எலக்ட்ரீஷியனுக்கு இப்போது ஒரு பேத்தி இருக்கிறாள். கடைக்கு ஆதார் திருத்தத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அண்ணன் இன்னமும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

போவதற்கு முன் அவர் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. அதோடு ஒரு சிடியும் கொண்டுவந்தார். ஊர் கட்டும் விளையாட்டு. தொடங்கும்போது வெறும் பச்சைத் தரையும் ஓரத்தில் கொஞ்சம் கடலும் இருக்கும். ரோடு போட்டு, கரண்டு கொடுத்து, தண்ணீர் கொடுத்தால் ஜனங்கள் தாங்களாகவே வந்து வீடு கட்டிக்கொள்வார்கள். எதிலாவது குறை வைத்தால் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். சுடுவது, கொல்வது எதுவும் கிடையாது. மேயர் பெயர் என்று கேட்ட இடத்தில் அண்ணன் தன் பெயரைத் தட்டினார். மூன்று ரோடு போட்டார். ஒரு மின் நிலையம் வைத்தார். அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டார்.

அந்த மூன்று ரோட்டிலிருந்து மிச்ச ஊரை நான் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு, அம்மா படுத்துத் தூங்கும் இரண்டு மணி நேரம் எனக்குக் கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரங்களைச் சேர்த்துத்தான் அந்த ஊர். கடற்கரையில் கட்டடம் எழுப்பாமல் மரம் வைத்தேன். கடல் பக்கம் போர் போட்டால் உப்புத்தண்ணீர் வரும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். விளையாட்டுக்கு அது தெரியாது, இருந்தாலும் தண்ணீர்ப் பம்புகளை அங்கிருந்த ஒரு மேட்டுக்குப் பின்பக்கம், உள்ளே தள்ளித்தான் வைத்தேன். அம்மாவுக்குக் கிட்னி கெட்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்த வருடங்களில், வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கும் மறு கையில் எக்ஸ்ரே கவருமாக வெயிலில் நடப்பவர்களைப் பார்ப்பேன். ஒரு ஞாயிறு, என் ஊரின் பஸ் நிலையத்தை இடித்து ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுவந்து வைத்தேன். அதனால் அங்கே எப்போதும் வண்டி நெரிசல். ஜனங்கள் முகம் சுளிப்பதாக விளையாட்டு காட்டும். நான் மாற்றவில்லை.

பத்தொன்பது வருடம் ஓடிய அந்தக் கம்ப்யூட்டர், அம்மா போன மறு வருடம் ஐப்பசி மழையில் இடி இறங்கிச் செத்தது. உள்ளே இருந்த எதுவும் மிஞ்சவில்லை. ஊர் மட்டும் தப்பித்தது. கடைப் பழக்கத்தில் மாதம் ஒரு முறை அதைப் பென்டிரைவில் பிரதி எடுத்து வைப்பேன். ஆனால் போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. கடை மெஷின்களில் கேம் ஏற்றினால் முதலாளி அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். புதுசு வாங்கும் நிலைமையும் இல்லை. இப்படிப் பதினான்கு மாதம். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், அம்மாவை நினைத்த அளவுக்கு அந்த ஊரையும் நினைத்தேன்.

தை மாதம் அண்ணனும் அண்ணியும் அம்மாவின் திதிக்கு வந்து மூன்று வாரம் தங்கினார்கள். அண்ணன் கையில் ஒரு புது லேப்டாப். கடைசி வாரம், சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:

“பாப்பா, நாம அப்ப ஒரு ஊர் கட்டற கேம் வச்சிருந்தோமே, அது இருக்கா?”

இருக்கிறது என்றேன்.

“ஞாயித்துக்கெழம மச்சான் சாப்பிட வரான். அவன் பில்டிங் கான்ட்ராக்டர் இல்ல, பெருசா லேஅவுட்டு லேஅவுட்டுன்னு பேசுறான். நான் அந்தக் காலத்துலயே ஊர் கட்டுனவன்டான்னு சொல்லி வச்சிருக்கேன். இந்த லேப்டாப்புல அத ஓட வச்சிடு.”

மச்சான் என்றது அண்ணியின் தம்பியை. அவர் இங்கேயே இருக்கிறார்.

“சரிண்ணா.”

“ஒன்னு சொல்லிட்டேன். ஒரு ஃபோல்டர் போட்டுக்க, அவ்ளோதான். செட்டிங்ஸ்ல கைய வைக்காத. எல்லாம் பிரெஞ்சுல இருக்கு. நீ எதனா அமுக்கி வச்சா அங்க போயி நான்தான் அவஸ்தைப்படணும்.”

சரி என்றேன். என் ஊரை மறுபடி பார்க்கப் போகிறேன் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அண்ணன் சொன்னதில் ‘நான் கட்டுனவன்’ என்று ஒரு சொல் இருந்ததைப் பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தேன். சரி, மூன்று ரோடு அவர் போட்டதுதானே என்று நினைத்துக்கொண்டேன். ஊரைத் திறந்து பார்த்தால், எது தன்னுடையது எது இல்லை என்று அவருக்கே தெரியாமலா போகும்?

மறுநாள் மதிய இடைவேளையில், கடையில் சிடி போடும் தட்டு உள்ள ஒரே பழைய மெஷினில் சிடியைப் பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். அதையும் என் ஊரையும் லேப்டாப்பில் போட்டேன். படத்தை இரண்டு தட்டு தட்டினேன். வட்டம் சுற்றியது. நின்றது. ஒன்றும் இல்லை.

புது மெஷினில் பழைய கேம் ஓடாது என்பது எனக்குத் தெரியும். அதற்கு முதல் மருந்தும் தெரியும். படத்தின் மேல் வலது பொத்தானை அமுக்கி, கடைசி வரிக்குப் போய், நடுவில் உள்ள ஒரு டிக் மார்க்கைப் போட்டால், ‘நீ பழைய சிஸ்டம் மாதிரி நடந்துகொள்’ என்று மெஷினுக்குச் சொன்னதாக அர்த்தம். எல்லாம் பிரெஞ்சில் இருந்தது எனக்குப் பெரிய தடையாக இல்லை. ஏனென்றால் இங்கிலீஷில் இருந்தபோதும் நான் அவற்றைப் படித்ததில்லை. கடையில் சேர்ந்த நாளிலிருந்து கம்ப்யூட்டர் எனக்கு இடம்தான்: மேலிருந்து நாலாவது வரி, வலது ஓரம், கீழே மூன்று பெட்டியில் நடுப்பெட்டி. அப்படித்தான் கற்றுக்கொண்டேன். கீபோர்டுதான் வதைத்தது. பார்க்காமல் தட்டும் பழக்கம் எனக்கு. அந்தப் பிரெஞ்சுக் கீபோர்டில் ஏ தட்டினால் கியூ விழுந்தது.

டிக் மார்க் போட்டதும் திரை முழுக்கக் கறுத்தது. பாட்டு மட்டும் கேட்டது. அந்தப் பாட்டைப் பதினான்கு மாதம் கழித்துக் கேட்டேன். அடுத்து நிறத்தைக் குறைத்துப் பார்த்தேன், திரையின் அளவைக் குறைத்துப் பார்த்தேன். போனில் தேடினால் இங்கிலீஷில் யார் யாரோ எழுதியிருந்தார்கள். போனே அதைத் தமிழாக்கித் தந்தது. ‘விளையாட்டை நிர்வாகியாக ஓட்டவும்’ என்றது. ‘பழைய நூலகங்களை உங்கள் வீட்டில் நிறுவவும்’ என்றது. எது புரிந்ததோ அதைச் செய்தேன். யாரோ ஒரு புண்ணியவான் செய்து வைத்திருந்த சின்ன ஃபைல் ஒன்றைக் கேம் ஃபோல்டருக்குள் போட்டதும், மூன்றாம் நாள் சாயங்காலம், கறுப்பு விலகி முதல் பக்கம் வந்தது. பச்சைத் தரை, ஓரத்தில் கடல்.

என் ஊரின் பெயரைத் தட்டினேன். கீழே ஒரு நீலக் கோடு நிரம்பத் தொடங்கியது. பாதி நிரம்பியது. கேம் மூடிக்கொண்டது. எச்சரிக்கையும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரே நொடியில் அண்ணனின் டெஸ்க்டாப் படம் திரும்ப வந்து நின்றது. ஏதோ ஒரு ஏரிக்கரையில் அவரும் அண்ணியும்.

மறுபடி. பாதிக் கோடு. ஏரிக்கரை. மறுபடி. பாதிக் கோடு. ஏரிக்கரை.

பென்டிரைவில் ஊர் கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். அப்புறம் புத்தி வந்து, ஒன்றுமே இல்லாத புது ஊர் ஒன்றைத் தொடங்கிப் பார்த்தேன். அதுவும் பாதிக் கோட்டில் செத்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். கோளாறு என் ஊரில் இல்லை; வேறெங்கோ.

“இன்னா பாப்பா, ஆச்சா?” என்று அண்ணன் ஹாலிலிருந்து கேட்டார்.

“பாதியில நின்னுடுதுண்ணா.”

“நீ அன்னைக்கும் அப்பிடித்தான். பாதியில வுட்டுடுவ. டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சியா? இல்ல. தையல் கிளாஸ் முடிச்சியா?”

டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை அன்று அவருடைய பெண் பார்க்கும் படலம். பலகாரம் செய்ய ஆள் இல்லை என்று என்னை நிறுத்திக்கொண்டார்கள். அதை அப்போதும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணன் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனார். திங்கட்கிழமை அவர்கள் கிளம்ப வேண்டும். அண்ணி கூடத்தில் பெட்டிகளைப் பரப்பிப் போட்டு, கொக்கித் தராசில் ஒவ்வொரு பொட்டலமாகத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். வடவம், மிளகாய்த்தூள், நார்த்தங்காய் ஊறுகாய். பார்த்த எடையை லேப்டாப்பின் கால்குலேட்டரில் போட்டுக் கூட்டினார். நான் பொட்டலங்களுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள், திரையைப் பார்த்தேன்.

“அண்ணி, இதென்னா ஏழுக்கும் அஞ்சுக்கும் நடுவுல கமா?”

“ஏழரைக் கிலோ. அங்கல்லாம் அப்பிடித்தான். புள்ளி வைக்க மாட்டாங்க. எனக்கு இங்க வந்தாதான் கொழப்பம்.”

டேப்பைக் கீழே வைத்துவிட்டேன். கடையில் நான் சேர்ந்த புதிதில் நடந்தது ஞாபகம் வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா அடையாள அட்டைக்கு விண்ணப்பம் தட்ட வந்தார். அவர் எழுதிக் கொடுத்த தாளில் உயரம் என்ற இடத்தில் ஒன்று, ஒரு கமா, அறுபத்தைந்து என்று இருந்தது. கமாவை மைத்துளி என்று நினைத்து விட்டுவிட்டேன். தாளை வாங்கிப் பார்த்தவர், “ஏம்மா, நூத்தி அறுவத்தஞ்சு மீட்டரா? நான் இன்னா லைட் ஹவுசா?” என்றார். கடையே சிரித்தது. எனக்குக் காது எரிந்தது. அவசரமாகப் புள்ளி வைத்துக் கொடுத்தேன். அதற்கும் தலையை ஆட்டிவிட்டார். “புள்ளி இல்லம்மா, கமா. அங்க இருக்கறவனுக்குப் புள்ளி போட்டா படிக்கத் தெரியாது. திருப்பி அனுப்பிடுவான்.”

எழுந்து போய் விளையாட்டின் ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்ன எழுத்து ஃபைல் இருந்தது. விளையாட்டு தனக்கு வேண்டிய அளவுகளை அதில்தான் வைத்திருக்கும். எல்லாம் எண்கள். எல்லா எண்ணிலும் நடுவில் புள்ளி. அந்தச் சொல்தாவின் விண்ணப்பம் இப்போது தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. விளையாட்டு புள்ளியோடு நீட்டுகிறது. பிரான்சிலிருந்து வந்த மெஷின் கமாவைத் தேடுகிறது. படிக்க முடியாமல் பாதியில் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய வேண்டுமானால், எதில் கை வைக்காதே என்று அண்ணன் சொன்னாரோ அதில்தான் கை வைக்க வேண்டும். அண்ணி ஒரு பெட்டியைப் பூட்டி முடித்துக் குளிக்கப் போனார். நான் கடிகாரப் படத்தைத் தொட்டேன். அதிலிருந்து பூமி உருண்டைப் படம். கீழே ஒரு பொத்தான். திறந்த பலகையில் முதல் பெட்டி. அதில் ஒரே ஒரு கமா உட்கார்ந்திருந்தது. அதை அழித்துப் புள்ளி வைத்தேன்.

நீலக் கோடு நிரம்பியது. பாதியைத் தாண்டியது. முழுசாக நிரம்பியது.

ஊர் வந்தது. கடற்கரையில் மரங்கள் இருந்தன. மேட்டில் விளக்குகள். பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் அதே நெரிசல், அதே முகம் சுளிப்பு. ஒரு வீடுகூடக் காலியாகவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. மவுஸால் மெல்ல நகர்த்தி ஒவ்வொரு தெருவாகப் போய்வந்தேன். பதினைந்து நிமிடம் இருக்கும். வெளியே அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது.

“ஓடுதுண்ணா.”

மீன் பையோடு வந்து குனிந்து பார்த்தார். “பாத்தியா! மெஷின் நல்ல மெஷின்னு சொன்னேன்ல? நீதான் அது நிக்குது இது நிக்குதுன்ன.”

எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இதை எத்தனை முறை யோசித்தாலும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். வஞ்சிரம் வறுவலும் குழம்பும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் லேப்டாப் முன் உட்கார்ந்தார்கள். நான் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றேன். ஊர் திறந்தது. மேலே மேயர் என்று அண்ணனின் பெயர்.

அந்த ஆள் தொழில் தெரிந்தவர். விளையாட்டுதானே என்று பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“மாமா, நீங்களா போட்டீங்க இத? சும்மா சொல்லல, வேல சுத்தமா இருக்கு. பீச்ச வுட்டுக் கட்டியிருக்கீங்க பாருங்க. நம்மாளுங்களுக்கு இந்தப் புத்தி இல்லியே.”

“பின்ன?” என்றார் அண்ணன். “போறதுக்கு முன்னாடி கட்டுனது. அப்பல்லாம் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருப்பேன்.”

“பஸ் ஸ்டாண்ட ஏன் ஆஸ்பத்திரி வாசல்ல வச்சீங்க? செம டிராஃபிக்கா இருக்கே.”

“அதுவா? அது... ஒரு அழகுக்குத்தான்.”

சமையலறைக் கதவின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“சரி, இந்த மேட்டுக்குத் தண்ணி எப்பிடி ஏத்துனீங்க? பம்பயே காணுமே.”

பம்புகள் மேட்டுக்குப் பின்பக்கம் இருந்தன. படத்தைத் திருப்பினால் தெரியும். திருப்பத் தெரிய வேண்டும். அண்ணன் இரண்டு மூன்று இடத்தில் அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். வீட்டுப்பாடம் எழுதாத நாட்களில், அப்பா நோட்டைக் கேட்கும்போது, அண்ணன் என்னை அப்படித்தான் பார்ப்பார். நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

“பாப்பா, எப்பிடி?”

“எனக்குத் தெரியாதுண்ணா.”

என் வாழ்க்கையில் அண்ணனுக்கு நான் சொன்ன முதல் ‘தெரியாது’ அது. அதில் என் கோபம் முழுவதும் இருந்தது. ஆனால் யாருக்கும் அது கேட்கவில்லை.

மச்சான் என் பக்கம் திரும்பினார். “அக்காவும் ஆடுவாங்களா இத?”

இங்கேதான் நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். ‘அவளும் கொஞ்சம் கட்டினாள்’ என்று சொன்னால்கூடப் போதும். பத்தொன்பது வருடத்துக்கு அந்தக் ‘கொஞ்சம்’ எனக்குப் போதுமானது.

“இவளா?” அண்ணன் சிரித்தார். “இவ கட்டுனா ஊரு பூரா ஜெராக்ஸ் கடைதான் இருக்கும். அதுவும் மத்தியானம் மூடியிருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே, “சும்மா இருங்க, பாவம். அதுதானே ரிப்பேர் பண்ணி ஓட வச்சுது” என்றார்.

“ரிப்பேரா? ஏதோ நோண்டுனா. மெஷின் தானா செட் ஆயிக்கிச்சு.”

நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. உள்ளே போய்க் காபி போட்டேன். சர்க்கரை எல்லோருக்கும் சரியாகப் போட்டேன். மச்சான் போகும்போது, “இந்த மாதிரி லேஅவுட்டு போடற ஆள் ஒருத்தன் என் சைட்டுல இருந்தா எவ்ளோ நல்லாருக்கும் மாமா” என்று அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நான் கட்டியதை ஒரு தெரிந்த ஆள் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அந்தக் கை குலுக்கலும் அண்ணனுக்குத்தான் போயிற்று.

சாயங்காலம் அண்ணன் உற்சாகமாக இருந்தார். “இத இப்பிடியே எடுத்துட்டுப் போறேன் பாப்பா. அங்க லீவுக்கு எல்லாரும் வருவாங்க, காட்டணும். உனக்கு இங்க மெஷினே கெடையாது, உனக்கு எதுக்கு?” என்றார். பிறகு, “நான் குளிச்சுட்டு வரேன். லேப்டாப்ப மூடிப் பையில வச்சுடு” என்றார்.

லேப்டாப் முன் உட்கார்ந்தேன். ஊரை அழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை; அதற்கு எனக்கு மனம் வராது. கடிகாரப் படம், பூமி உருண்டைப் படம், கீழே பொத்தான், முதல் பெட்டி. புள்ளியை அழித்துக் கமாவை வைத்தேன். செட்டிங்ஸில் கை வைக்காதே என்று அவர் சொன்னபடி, அவருடைய மெஷினை அவர் கொடுத்த மாதிரியே ஆக்கிவிட்டேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இப்படி ஒரு நியாயம் என்னிடம் தயாராக இருந்ததே, அதைத்தான் நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

வேலை செய்தால் சரிபார்க்காமல் விடுவது எனக்குப் பழக்கம் இல்லை. கேமைத் திறந்தேன். ஊரின் பெயரைத் தட்டினேன். நீலக் கோடு பாதி வரை வந்தது. மூடிக்கொண்டது. ஏரிக்கரையில் அண்ணனும் அண்ணியும்.

மூடிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். என்னிடம் பென்டிரைவ் இருக்கிறது, திறக்க மெஷின் இல்லை. அவரிடம் மெஷின் இருக்கிறது, ஊர் திறக்காது. அந்த மேட்டுக்குப் பின்னால் பம்புகள் ஓடிக்கொண்டிருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் அண்ணி பெட்டியை இன்னொரு முறை தராசில் தூக்கி, லேப்டாப்பில் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபத்து மூன்று, கமா, ஐந்து. அரைக் கிலோ கூடுதல் என்று ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார். எட்டரைக்கு வேன் வந்தது. அவர்கள் போனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டு வருமானச் சான்றிதழ் மனு இருந்தது.